தொலைபேசி, இணைய ஒப்பந்தங்களில் வழங்கும் சொற்கள்

விளைபொருளை விற்கும் குடியானவர் எவரும் மரக்காலின் அளவையும் தராசின் முள்ளையும் பாராமல் நெல்லை அளந்து கொடுக்க உடன்படுவதில்லை. ஆயினும் அவரே இணையத்துக்கும் தொலைபேசிக்கும் பணம் செலுத்துங்கால், அங்கு வழங்கும் அளவைச் சொற்களின் பொருளை விசாரியாமல் கையொப்பமிட்டு விடுகிறார். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பெற்ற தந்தியில், சொற்களை எண்ணிக் கட்டணம் வாங்கினபடியால் செலவின் அளவு யாவருக்கும் விளங்கிற்று. இணையத்தின் அளவோ கண்ணுக்குப் புலனாவதில்லை. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கப்பெற்ற தேசிய மின்னணு வேளாண் சந்தையில் ஏலம் இணையத்தின் வழியாகவே நடைபெறுவதால், இச்சொற்களை அறியாமை பண நஷ்டத்துக்கு ஏதுவாகும்.

பேண்ட்வித் என்பதும் லேட்டன்சி என்பதும்

பேண்ட்வித் என்பது கால்வாயின் அகலத்தைப் போன்றது. ஒரு வினாடியில் எவ்வளவு செய்தி செல்லக்கூடும் என்பதை அது குறிக்கும். கால்வாய் அகலமானதாயினும் மதகைத் திறந்தபின் கடைமடைக்கு நீர் சேரச் சிறிது நேரம் பிடிக்குமன்றோ? அங்ஙனமே செய்தி போய்ச் சேரப் பிடிக்கும் தாமதம் லேட்டன்சி எனப்படும். இணையத்தின் வழியே பேசும்போது ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சின்மேல் விழுவதற்கு இத்தாமதமும் ஒரு காரணமாகும். டவுன்லோட் என்பது செய்தி நம்மிடம் வருதல். அப்லோட் என்பது நம்மிடமிருந்து செல்லுதல். விளைபொருளின் படங்களையும் பத்திரங்களையும் அனுப்புவோர் இவ்விரண்டின் வேகத்தையும் தனித்தனியே கேட்டறிதல் நலம்.

பிட்டும் பைட்டும்

பலரும் மயங்குமிடம் இதுவே. இணைய வேகம் மெகாபிட் கணக்கிலும், கோப்பின் அளவு மெகாபைட் கணக்கிலும் கூறப்படுகின்றன. எட்டுப் பிட்கள் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் வினாடிக்கு 5 மெகாபைட்டே வந்து சேரும். 600 மெகாபைட் அளவுள்ள கோப்பு 15 வினாடிகளில் வருமென்று எண்ணுவோர் 120 வினாடிகள் காத்திருக்க நேரிடும். மேலும், “40 மெகாபிட் வரை” என்று அச்சிட்டிருப்பின், அது உச்ச வரம்பேயன்றி எந்நேரமும் கிடைக்குமென்ற உறுதியன்று. இந்தியாவில் பிராட்பேண்ட் என்ற பெயருக்குரிய டவுன்லோட் வேகம் குறைந்தபட்சம் வினாடிக்கு 2 மெகாபிட் என 2023-ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டது. “வரம்பில்லாத டேட்டா” என்னும் திட்டங்களிலும், குறித்த அளவு செலவானபின் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனை இருத்தல் கூடும். அதை முன்னரே படித்தறிதல் வேண்டும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வியாபாரத்துக்கென இணைப்பு வாங்குங்கால், சேவைத் தர உடன்படிக்கை என்ற பகுதியைக் கவனித்தல் அவசியம். இணைப்பு நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்கும் என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். 30 நாள் கொண்ட மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் நூற்றிலொரு பங்கு 7 மணி 12 நிமிடம். அவ்வளவு நேரம் இணைப்பு அற்றுப்போயினும், அது ஏல வேளையாகவே இருப்பினும், உடன்படிக்கை மீறப்பட்டதாகாது. 99.9 பங்கு என்றிருப்பின் அந்நேரம் ஏறக்குறைய 43 நிமிடமாகக் குறையும். பழுது நீக்கும் கால எல்லையும், தவறினால் கட்டணத்தில் கழிக்கப்படும் தொகையும் எழுத்தில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணும் இரகசியக் குறியும்

டோல் பிரீ எண் என்பது அழைப்பவர் கட்டணம் செலுத்தாத எண். செலவை அழைக்கப்படுபவரே ஏற்பர். 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண் இவ்வகையினது. சாகுபடிச் சந்தேகங்களுக்கு அங்கே தமிழிலும் விடை பெறலாம். போர்ட்டிங் என்பது எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குச் செல்லுதல். இவ்வசதி 2011-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாடெங்கும் உள்ளது.

ஓ.டி.பி. என்பது ஒரே முறை செல்லுபடியாகும் இரகசியக் குறி. இதனை வங்கிப் பெட்டியின் சாவிக்கு ஒப்பாகக் கருதுதல் தகும். உதவித்தொகை வந்திருப்பதாகவோ சிம் காலாவதியாவதாகவோ கூறி இக்குறியைக் கேட்பவருக்கு அதைச் சொல்லுதல், அறுவடைப் பணம் முழுவதையும் பிறர் கையில் ஒப்படைப்பதாகும். ஏமாற்றப்பட்டோர் வெட்கத்தால் காலந்தாழ்த்தாமல், 1930 என்ற எண்ணுக்கும் தம் வங்கிக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுப்பதற்கு அதுவே வழி.

கிராம அலுவலர்கள் இச்சொற்களைக் கிராம சபைக் கூட்டங்களில் எடுத்துரைப்பின், எழுத்தறியாதாருக்கும் மிக்க பயன் விளையும். இணைப்புப் பெறுவோர் வேகம், டேட்டா வரம்பு, பழுது நீக்கும் காலம், விலகும் நிபந்தனை ஆகிய நான்கினையும் கேட்டு, எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடுவாராக. அளவறிந்து வாங்குவோர் அளவில் ஏமாறுவதில்லை.