உங்களுக்குத் தெரியுமா? – சிவப்பு மச்சமும் மஞ்சள் ஒளியும்

பிறந்த குழந்தையின் கன்னத்தில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால், "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" என்று தாயைத்தான் முதலில் கேட்கிறார்கள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. 'போர்ட் ஒயின்' மச்சம் எனப்படும் இது ஆயிரத்தில் சுமார் 3 குழந்தைகளுக்கு இருக்கும். தோலுக்கடியில் நுண் ரத்தக்குழாய்கள் விரிந்தே கிடப்பதால் வரும் நிறம் அது. கரு வளரும்போது ஜிஎன்ஏக்யூ மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றமே பெரும்பாலும் காரணம் என்று 2013-ல் கண்டறிந்தார்கள்.

*

இந்த மச்சத்துக்கான சிகிச்சையில் பயன்படும் 'பல்ஸ்டு டை' லேசரின் ஒளி மஞ்சள். அலைநீளம் 585 அல்லது 595 நானோமீட்டர். ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிச் சூடாக, குழாயின் சுவர் வெந்து சுருங்கும். ஒளி பாய்வதோ மில்லி விநாடிக் கணக்கில்தான். சூடு அக்கம்பக்கம் பரவுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 'சயின்ஸ்' இதழில் சொன்ன இந்த யோசனைதான் எத்தனையோ முகங்களைத் தழும்பிலிருந்து காப்பாற்றியது. அதற்கு முன்பு பயன்பட்ட ஆர்கான் லேசரில் தோலும் சேர்ந்து வெந்துபோவதுண்டு.

*

ஒவ்வொரு ஒளி வீச்சுக்கும் முன் ஒரு கணம் குளிர் ஸ்ப்ரே. அடுத்து, ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல் சுரீரென்று ஒரு வலி. சில நிமிடங்களில் அந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கருநீலம் பாயும். பெற்றோர் பதறிப்போவது இதைப் பார்த்துத்தான். ஒன்றிரண்டு வாரத்தில் அது மறைந்துவிடும். மச்சம் ஒரே தடவையில் போகாது. பல அமர்வுகளில் படிப்படியாக வெளிறும். சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை.

*

மாநிறத்தோருக்கும் கறுத்த நிறத்தோருக்கும் கூடுதல் கவனம் தேவை. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். அதனால் ஓரமாகச் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகு தொடங்குவதே நல்லது.

*

மச்சம் நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் லேசரைப் பற்றி யோசிப்பதற்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள். சிலருக்குக் கண் அழுத்த நோயும் வலிப்பும் சேர்ந்து வரலாம்.

*

பிறந்து சில வாரங்கள் கழித்துத் தோன்றி மளமளவென்று வளரும் சிவப்புக் கட்டி வேறு, அது ஹெமாஞ்சியோமா. பிரான்ஸின் போர்டோ நகரில் ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறுக்காக புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாளே மூக்கிலிருந்த கட்டி மென்மையாகி, நிறமும் மாறியது. அந்தச் செய்தி 2008-ல் வெளியானது. தொல்லை தரும் கட்டிகளுக்கு இன்று முதலில் தரும் மருந்து புரோப்ரனலால்தான். கட்டி வற்றிய பிறகு மிஞ்சும் சிவப்புக்குத்தான் லேசர்.