பெயர் மறைந்த பாடல்: யப்பானிய அனிமே முகப்புப் பாடல்களும் இளைஞர் நினைவும்

கதையொன்றின் வாயிலில் நிற்கும் பாடலை அக்கதைக்குரிய அணியாக மட்டும் கருதுவது பெருவழக்கு. ஆயினும், கதை மறந்த பின்னரும் பாடல் நிலைத்துவிடுதல் உண்டு. யப்பானில் ‘அனிமே’ எனப்படும் சித்திரப்படத் தொடர்களின் முகப்புப் பாடல்களும் நிறைவுப் பாடல்களும் இதற்குத் தக்க சான்றுகளாகும். ‘அனிசொன்’ என்னும் சுருக்கப் பெயரால் அவை இன்று தனியோர் இசைவகையாகவே வழங்குகின்றன. சிறுவர்க்குரிய அறிமுகப் பாட்டாகத் தொடங்கிய இவ்வகை, இளைஞரின் அகவுணர்வைப் பேசும் பாடலாக மாறியவாற்றை ஓர் எளிய அளவுகோல் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாடலிலே கதைத் தலைவனின் பெயர் வருகின்றதா, இல்லையா என்பதே அவ்வளவுகோல்.

1963ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தெசூக்கா ஒசாமுவின் ‘தெத்சுவான் அதோம்’ என்னும் தொடர் பியூஜி தொலைக்காட்சியில் தொடங்கிற்று. முதலில் சொல்லின்றி இசையாக மட்டும் ஒலித்த அதன் மெட்டுக்குப் பின்னரே பாட்டு இயற்றப்பட்டது. இயற்றியவர் தற்கால யப்பானியக் கவிஞருள் முதன்மை பெற்ற தனிக்காவா சுன்தாரோ. பாடியது சிறுவர் பாடற்குழு. தலைவனின் பெயர், அவன் விண்ணிற் பறக்கும் விரைவு, இயந்திர வலிமை, கனிந்த நெஞ்சம் என்பன அடுத்தடுத்து அப்பாடலிற் கூறப்படுகின்றன. நமது நாட்டுக்கூத்திலே பாத்திரம் களரி புகும்போது தன் பேரும் பெருமையும் கூறும் வரவுப்பாட்டின் பணியையே இதுவும் செய்தது எனலாம். 1972இல் வெளிவந்த ‘மசிங்கர் செட்’ தொடருக்கு மிசுக்கி இச்சிரோ பாடிய முகப்புப் பாடலில், இயந்திர வீரனின் பெயரோடு அவன் ஏவும் படைக்கலங்களின் பெயர்களும் முழக்கமாக எழுகின்றன. பாடலைக் கற்ற சிறுவன் கதையின் இலக்கணத்தையும் கற்றுவிடுகின்றான்.

இந்நிலையில் முதல் நெகிழ்ச்சியை 1974இல் ஒளிபரப்பான ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’விற் காண்கின்றோம். அக்கு யூ எழுதி, மியகாவா ஹிரோஷி இசையமைத்து, சசாக்கி இசாவோ பாடிய அப்பாடலிற் கப்பலின் பெயர் உண்டு. எனினும், பாடலின் உயிர்நிலை பெயரன்று. ஊரைப் பிரிந்து செல்வோர் மீண்டு வருவோமென உறுதி கூறும் உணர்ச்சியே. முதல் ஒளிபரப்பிற் போதிய வரவேற்புப் பெறாத இத்தொடர், மறு ஒளிபரப்புகளாலும் 1977இல் வெளிவந்த திரைப்படத்தாலும் இளைஞரிடையே பேரார்வத்தை எழுப்பியது. சித்திரப்படத்தைச் சிறுவரொடு நிறுத்தாது வளர்ந்த பின்னும் காணும் கூட்டமொன்று உருவாகியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கேட்போர் வளர்ந்தமையை இசை வணிகம் விரைந்து கண்டுகொண்டது. 1983இல் அன்ரி என்னும் பாடகி ‘கற்ஸ் ஐ’ தொடருக்குப் பாடிய முகப்புப் பாடல், யப்பானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தொடரின் பெயரைத் தாங்கியிருந்தும், கதை அறியாதார் ஆடவும் பாடவும் ஏற்ற நகர்ப்புறப் பாடலாக அது தனித்து நின்றது. 1987இல் ‘சிற்றி ஹன்ரர்’ தொடரின் நிறைவுப் பாடலாக அமைந்த ரி.எம். நெற்வேர்க் குழுவினரின் ‘கெட் வைல்ட்’ பாடலிலோ தலைவனின் பெயரே இல்லை. ஆயினும், கதையின் இறுதிக் காட்சி முடியுமுன்னரே அதன் இசை தொடங்கிக் காட்சியோடு கலந்துவிடும். பெயரால் இணையாத பாடல் உணர்வால் இணைந்தது.

1990களில் இப்போக்கு முழுமையுற்றது. இசைத்தட்டு நிறுவனங்கள் தம் பாடகரை அறிமுகஞ் செய்யும் களமாகத் தொடர்களைக் கொண்டன. 1993 முதல் 1996 வரை ஒளிபரப்பான ‘ஸ்லாம் டங்க்’ கூடைப்பந்தாட்டக் கதை. அதன் முதல் முகப்புப் பாடலோ காதலை உரக்கச் சொல்லத் துடிக்கும் ஒருவனின் கூற்று. வான்ட்ஸ் குழுவினர் பாடிய அதன் நிறைவுப் பாடலொன்று பெருநகர வாழ்வின் தனிமையைப் பேசுவது. பந்தும் இல்லை; ஆடுகளமும் இல்லை.

பெயர் மறைந்தமைக்கு வணிகமே காரணம் என்று இதுகொண்டு முடிவுகட்டலாமா? அம்முடிவிற் பாதி உண்மை உண்டு. பெயரில்லாப் பாடலைத் தனி இசைத்தட்டாக விற்பது எளிது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், அவ்வாறு விற்கப்பட்ட பாடல்களுட் பல மறைந்தொழிய, சில மட்டும் நிலைத்தமைக்கு வணிகம் விடையளிக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் ‘நியோன் ஜெனசிஸ் இவான்ஜெலியன்’ தொடருக்குத் தகாஹஷி யோக்கோ பாடிய முகப்புப் பாடல் இங்கு நமக்கு உதவுகின்றது. அதிலும் தலைவனின் பெயர் இல்லை. ஆனால், அத்தொடருக்கென்றே எழுதப்பெற்ற அது, பருவமெய்தும் சிறுவனொருவனை நோக்கித் தாய்மைக் கனிவோடு பேசுகின்றது. விளிக்கப்படுபவன் பெயரற்றவனாதலின், கேட்கும் இளைஞன் எவனும் அவ்விடத்தில் தன்னை நிறுத்திக்கொள்ள இயலும். தலைவன் வெளியேறிய இடத்திற் கேட்போன் புகுந்தான் என்பதே நமது துணிபு. பல்லாண்டுகள் கழிந்தும் இசைக்கூடங்களில் அப்பாடல் விரும்பிப் பாடப்படுவதன் காரணமும் இதுவே.

அண்மைக்காலப் பாடல்கள் இவ்வளர்ச்சியை வேறொரு திசைக்குத் திருப்பியுள்ளன. 2020இல் ‘கிமெட்சு நோ யாய்பா’ திரைப்படத்துக்காக லிசா பாடிய ‘ஹொமுரா’ யப்பானிய இசைத்தட்டுப் பெருவிருதைப் பெற்றது. 2023இல் ‘ஒஷி நோ கோ’ தொடருக்கு யோஅசோபி இருவர் குழு வழங்கிய ‘ஐடல்’, அமெரிக்கா நீங்கலான பில்போர்ட் உலகப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதலாவது யப்பானிய மொழிப் பாடலாயிற்று. கதாசிரியர் எழுதிய சிறுகதையொன்றை அடிப்படையாகக் கொண்ட இப்பாடலில், இரசிகர், பொறாமையுற்ற தோழியர், தலைவி எனப் பல குரல்கள் மாறிமாறி ஒலிக்கின்றன. தலைவியின் பெயர் ‘அய்’. யப்பானிய மொழியில் அன்பைக் குறிக்கும் சொல்லும் அதுவே. எனவே, அன்பு என்னும் சொல் வருந்தோறும் பெயரும் உடன் ஒலிக்கின்றது. நாற்பது ஆண்டுகளாக மறைந்துவந்த பெயர், முழக்கமாக அன்றிச் சிலேடையாக மீண்டுள்ளது எனலாம்.

எனினும், புதிய பாடல்கள் பழையன போன்று நினைவில் ஊன்றுமா என்னும் வினா எழுகின்றது. முகப்புப் பாடல் ஏறத்தாழ 90 விநாடி கொண்டது. 26 வாரம் ஓடும் தொடரில் அது 39 நிமிடம் செவியிற் படும். அதுவும் வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், நாடெங்கும் ஒருங்கே. ‘ஸ்லாம் டங்க்’ முகப்புக் காட்சியில் வரும் காமகுரா நகரத்து இரயிற் கடவையைக் காண ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் இளைஞரும் நடுவயதினரும் இன்றும் செல்கின்றனர். 2022இற் புதிய ‘ஸ்லாம் டங்க்’ திரைப்படம் பழைய பாடல்களை விடுத்துப் புதியனவற்றைக் கொண்டபோதும் பழையவற்றின் பிடி தளரவில்லை. இன்றைய இணையவழி ஒளிபரப்பிலோ, முகப்பைத் தாண்டிச் செல்லப் பொத்தான் ஒன்று உண்டு; அதேவேளை, விரும்பிய பாடலை முழுமையாகப் பன்முறை கேட்கும் வாய்ப்பும் உண்டு. பழைய பாடல் தானாக வந்து சேர்ந்தது. புதிய பாடல் தேடிக் கேட்கப்படுவது. முன்னையது ஒரு தலைமுறையின் பொதுநினைவு. பின்னையது தனியொருவரின் தெரிவு.

ஆதலின், இளமை நினைவை வெறும் ஏக்கமென ஒதுக்குதல் பொருந்தாது. ஒரு சமூகம் தன் பொழுதை எவ்வாறு ஒருங்கே கழித்தது என்பதற்கு அது சான்றாகும். சிறுவர் கூடிப் பாடிய பெயர் இளைஞனின் தனிக்குரலாக மாறியபோது கலை ஆழம் பெற்றது. கூடிப் பாடும் வழக்கமோ தளர்ந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே கருத்திற் கொண்டே இப்பாடல்கள் மதிப்பிடப்படுதல் வேண்டும்.