உத்தரத்துக்குள்ளே ஒரு தோடி!

திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஆபீஸ். தினமும் ரயிலில் தொங்குகிற ஆசாமி நான். எனக்கும் நாதஸ்வரத்துக்கும் உள்ள சம்பந்தம் கல்யாணப் பந்தியோடு சரி.

போன ஆனியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்தோம். மரக்கடைக்காரர் விலை பேசிக்கொண்டிருந்தபோது, தெருக்கோடி நாயனக்காரப் பெரியவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தம்பி, இதுல ஆச்சா மரம் இருக்கா? எதையும் குடுத்துடாதீங்க!"

அவருடைய நாயனத்தில் விரிசல். நல்லதாகப் புதுசு வேண்டுமென்றால் கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டைக்குத்தான் போகணுமாம். அங்கே கடைகிறவர்கள் சில குடும்பங்கள்தான். 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மரம் கிடைக்க வேண்டாமா? புது மரம் ஈரம் காயும்போது கோணிக்கொள்ளும், வெடிக்கும். அதனால் பழைய வீடுகளில் வருஷக்கணக்காகக் காய்ந்த ஆச்சாவைத் தேடுகிறார்கள். (நமக்கு வயசானால் யார் இப்படித் தேடப் போகிறார்கள்!)

அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிதான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக, சுத்த மத்யமம் சரியாகப் பேசும் பாரி நாயனத்தைச் செய்தவர். அதற்கு முன் அந்த ஒரு ஸ்வரத்துக்கு வித்வான்கள் பட்ட பாட்டைப் பெரியவர் சொல்லிக் கேட்கணும்!

ஒவ்வொரு உத்தரமாகத் தட்டினார், சுரண்டினார். தேக்கு, வேம்பு, மறுபடி தேக்கு. முகம் தொங்கிப்போச்சு. கடைசியில் கொல்லைப்புற நிலைப்படி.

"இது ஆச்சாதான்!"

மரக்கடைக்காரர் சட்டென்று விலையை ஏற்றினார். "நிலைப்படி விற்பனைக்கில்லை" என்றுவிட்டார் அப்பா.

அடுத்த ஞாயிறு, கும்பகோணம் பஸ்ஸில் பெரியவர், நான், நடுவில் நிலைப்படி. கண்டக்டர் மூணு டிக்கெட் கிழித்தார்.