விளையாட்டு நலப்பணியாளரை உருவாக்கும் கல்வி

கொல்கத்தா நகரின் தென்பகுதியில், சியால்டாவிலிருந்து பட்ஜ்பட்ஜ் செல்லும் ரயில் பாதையை ஒட்டி அமைந்த குடியிருப்பு லேக் கார்டன்ஸ் ஆகும். அப்பாதைக்கு வடக்கே விரிந்து கிடப்பது ரவீந்திர சரோவர் என்னும் செயற்கை ஏரி. 1920-களில் வெட்டப்பட்டு, டாக்குரியா ஏரி என வழங்கிவந்த இது, 1958-இல் கவி ரவீந்திரரின் பெயரைப் பெற்றது. 1858-இல் தோன்றிய கல்கத்தா ரோயிங் கிளப் உள்ளிட்ட படகுச் சங்கங்களும், நீச்சலும் உயிர்காப்பும் கற்பிக்கும் சங்கமும், ஒரு ஸ்டேடியமும் இதனைச் சூழ்ந்துள்ளன. படகு வலிக்கும் மாணவர்களையும், ஓடிப் பழகும் இளைஞர்களையும் இங்கு நாள்தோறும் காணலாம்.

2022-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி மாலை, இவ்வேரியில் படகோட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபொழுது திடீரெனப் புயற்காற்று வீசியது. படகு கவிழ்ந்து இரு பள்ளி மாணவர்கள் மூழ்கி இறந்தனர். அதன்பின் படகோட்டம் சில காலம் நிறுத்தப்பட்டு, பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டன. விதிகள் இன்றியமையாதவை, ஆயினும் விதியை நிறைவேற்ற மனிதர் வேண்டும். விளையாடுவோரின் உடல்நலத்தையே தம் முழுப் பொறுப்பாகக் கொண்டு கரையில் நிற்பவர் யார்? அவர் என்ன கற்றிருக்க வேண்டும்? அக்கல்வி எவ்வாறு அளிக்கப்படுகிறது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணியின் தன்மை

அமெரிக்க நாட்டில் இப்பொறுப்பை ஏற்பவர் ‘அத்லெடிக் டிரெய்னர்’ எனப்படுகிறார். ‘டிரெய்னர்’ என்ற சொல்லைக் கண்டு அவரை ஆட்டம் பழக்குபவர் எனக் கருதிவிடலாகாது. ஆட்ட நுட்பங்களைக் கற்பிப்பவர் பயிற்சியாளர், அதாவது ‘கோச்’. நோயை ஆராய்ந்து மருந்தும் அறுவையும் விதிப்பவர் டாக்டர். தசை, மூட்டு ஆகியவற்றின் இயக்கத்தை மீட்டுத் தருபவர் இயன்முறை மருத்துவர். அத்லெடிக் டிரெய்னரோ டாக்டரின் வழிகாட்டுதலின்கீழ், காயம் நேருமுன் அதனைத் தடுக்கவும், நேர்ந்த கணத்தில் அதனை அறியவும், உயிருக்கு ஆபத்தானால் உடனே செயற்படவும், பின்னர் ஆட்டக்காரரைப் படிப்படியாகக் களத்திற்குத் திருப்பிக் கொணரவும் பயிற்சி பெற்றவர். இக்கட்டுரையில் அவரை ‘விளையாட்டு நலப்பணியாளர்’ என்று குறிப்பிடுவோம்.

இவருக்குரிய சிறப்பு, காயம் நேரும் இடத்தில் நேரும் பொழுதிலேயே இருப்பதுதான். இருதயம் நின்றுபோன ஒருவருக்கு மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும் அளிக்கப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைக்கிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வரினும், முதல் சில நிமிஷங்கள் களத்தில் இருப்பவர் கையில்தான் உள்ளன.

கல்வி வளர்ந்த வரலாறு

தொடக்கத்தில் இப்பணி கைப்பழக்கத்தால் கற்கப்பட்டது. கட்டுப் போடுவதும் தைலம் தேய்ப்பதுமே இதன் எல்லை எனப் பலர் எண்ணினர். 1950-இல் கான்ஸாஸ் ஸிட்டி நகரில் இப்பணியாளர்களின் தேசியச் சங்கம் அமைந்தது. 1959-இல் அச்சங்கம் முதல் பாடத்திட்டத்தை ஏற்றது. அத்திட்டம் உடற்பயிற்சி ஆசிரியருக்குரிய கல்வியோடு இணைந்திருந்தது. பள்ளியில் ஆசிரியராகவும் நலப்பணியாளராகவும் ஒருவரே பணிபுரியலாம் என்பது அதன் கருத்து. 1969-இல் சில கல்லூரிகளின் பாடத்திட்டங்கள் முதன்முதலாக அங்கீகாரம் பெற்றன. 1970-இல் தகுதித் தேர்வு தொடங்கிற்று. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார்ந்த ஒரு தனித் தொழிலாக ஏற்றுக்கொண்டது.

நெடுங்காலம் இளநிலைப் பட்டமே போதுமானதாக இருந்தது. அறியவேண்டியவை பெருகவே, முதுநிலைப் பட்டமே இத்தொழிலின் நுழைவாயிலாக வேண்டும் என 2015-இல் முடிவு செய்யப்பட்டது. அதன்படி, 2022-க்குப் பின் இளநிலைப் பாடத்திட்டங்களில் புதிய மாணவர்கள் சேர்க்கப்படுவதில்லை.

வகுப்பறையிலிருந்து களத்திற்கு

முதுநிலைப் படிப்பில் சேர விரும்புவோர் உயிரியல், ரசாயனம், பௌதிகம், உளநூல் ஆகியவற்றோடு உடற்கூற்றியலும் உடலியங்கியலும் முன்னரே கற்றிருத்தல் வேண்டும். படிப்பு பொதுவாக இரண்டாண்டுகள் நடைபெறுகிறது. காயத்தடுப்பு, பரிசோதனையும் நோய்நிர்ணயமும், நெருக்கடி நேரச் சிகிச்சை, மீட்புப் பயிற்சி, பதிவேடுகளும் தொழில் ஒழுக்கமும் ஆகிய ஐந்தும் அதன் பெரும் பிரிவுகள்.

இப்படிப்பின் உயிர்நாடி மருத்துவக் களப்பயிற்சியே. ஒவ்வொரு திறனும் மூன்று படிகளில் கற்பிக்கப்படுகிறது. முதற்படியில் மாணவர் அதன் காரணத்தை வகுப்பில் கற்கிறார். இரண்டாம் படியில் உடன்பயிலும் மாணவர்மீதும், பொம்மை உடல்மீதும் அதனைச் செய்து பழகுகிறார். மூன்றாம் படியில், தகுதி பெற்ற மேற்பார்வையாளர் அருகில் நிற்க, உண்மையான நோயாளிக்குச் செய்கிறார். மாணவர் தவறிழைத்தால் உடனே தலையிடக்கூடிய தூரத்தில் மேற்பார்வையாளர் இருந்தாக வேண்டும் என்பது கண்டிப்பான விதி. இவையன்றி, குறைந்தது நான்கு வாரங்களேனும் தொடர்ந்து முழுநேரமும் களத்திலேயே பணியாற்றும் பகுதியும் உண்டு. சிறுவர், முதியோர், பெண்டிர், ஆடவர் எனப் பலதிறத்தாரையும் கவனித்துப் பழகுமாறு மாணவர் அனுப்பப்படுகின்றனர்.

இதன் பயனை ஓர் எளிய உதாரணத்தால் உணரலாம். கால் பிசகி வீழ்ந்த ஆட்டக்காரருக்கு எலும்பு முறிந்ததா, தசைநார் மட்டும் இழுபட்டதா என்பதே முதல் வினா. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-இல் வகுக்கப்பட்ட விதிகள் இதற்கு உதவுகின்றன. கணுக்கால் வலியோடு, இருபக்கக் கணுவெலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் நோவு உண்டாயின், அல்லது காயம்பட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி நடக்க இயலாதாயின், எக்ஸ்-ரே படம் தேவை. விதியைப் பத்து நிமிஷத்தில் மனனம் செய்துவிடலாம். ஆனால் வலியால் துடிப்பவரின் காலில் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்துவது என்பதை விரல்தான் கற்க வேண்டும். விரல் கற்பது நோயாளிகளிடமிருந்தே.

உஷ்ணத் தாக்கு: ஒரு சோதனை

கொல்கத்தாவிற்கும் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களுக்கும் பொதுவான ஓர் அபாயம் உஷ்ணத் தாக்கு. உழைக்கும் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை ஆவியாகும்போது அவ்வெப்பம் வெளியேறுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழிந்தோடுமேயன்றி ஆவியாவதில்லை. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைக் கடக்கிறது. ஆட்டக்காரர் தடுமாறுகிறார், பிதற்றுகிறார், பிறகு நினைவிழக்கிறார்.

இந்நிலையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல விரைவதே இயல்பு. பயிற்சி பெற்ற நலப்பணியாளரோ முதலில் குளிரச் செய்து, பின்னரே அனுப்புவார். அக்குளிலோ வாயிலோ வைக்கும் வெப்பமானி இங்கு ஏமாற்றிவிடும். ஆகவே ஆசனவாய் வழியாகவே உள்வெப்பம் அளக்கப்படுகிறது. பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தினால், உள்வெப்பம் ஏறத்தாழ 5 நிமிஷத்திற்கு 1 டிகிரி வீதம் தணியும். அரைமணி நேரத்திற்குள் 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். சுற்றியுள்ளோர் பதறி, வண்டியைக் கொண்டுவா என்று கூவும்போது, கற்ற முறையைக் கைவிடாது செய்ய முன்பழக்கம் வேண்டும். பலமுறை ஒத்திகை பார்த்தவரே அப்பொழுது நிதானமாக நிற்பார்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் விளையாட்டு நலப்பணி தனி உரிமம் பெற்ற தொழிலாக இன்னும் அமையவில்லை. அதற்கு அண்மையான வழி இயன்முறை மருத்துவமாகும். இளநிலைப் படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சி உட்பட, நான்கரை முதல் ஐந்தாண்டுகள் வரை நடைபெறும். கொல்கத்தாவின் பன்ஹுக்லியிலுள்ள உடலியக்கக் குறைபாடுகளுக்கான தேசிய நிலையம் இதனைக் கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனமாகும். இதற்குமேல், விளையாட்டைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட ஈராண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. அமிருதசரஸிலுள்ள குருநானக் தேவ் பல்கலைக்கழகமும், சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை. டாக்டர்களுக்கென விளையாட்டு மருத்துவத்தில் தனிப் பட்டமேற்படிப்புகள் உள்ளன. 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிலையம் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. இயன்முறை மருத்துவர் உள்ளிட்ட மருத்துவச் சார்புத் தொழிலாளர்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 2021-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது.

எனினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. இயன்முறை மருத்துவ மாணவரின் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் கழிகிறது. அங்கு வரும் நோயாளி காயம்பட்டுச் சில நாட்களோ வாரங்களோ கடந்தவர். மைதானத்தில் வீழ்ந்தவரை முதல் நிமிஷத்தில் அணுகும் அனுபவம் அங்குக் கிட்டாது. 2015 ஏப்ரல் 17-ஆம் தேதி கொல்கத்தாவில் நடந்த ஒரு கிரிக்கெட் பந்தயத்தில், பந்தைப் பிடிக்க ஓடிய இளம் வீரர் அங்கித் கேஷ்ரி சக ஆட்டக்காரருடன் மோதிக் காயமுற்றார். மூன்று நாட்களுக்குப் பின் உயிர் நீத்தார். இத்தகைய மோதல் எந்த மைதானத்திலும் நேரக்கூடும். அப்பொழுது தலையையும் கழுத்தையும் அசையாது பிடித்து, சுவாசத்தைச் சோதித்து, அடுத்ததை முடிவு செய்யத் தெரிந்தவர் எல்லைக்கோட்டருகே இருத்தல் வேண்டும். ஆகவே இத்துறையை நாடும் மாணவர், கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன், மேற்பார்வையுடன் மைதானத்தில் கழிக்கும் நேரம் எவ்வளவு என்பதைக் கேட்டறிதல் நன்று. பட்டத்தின் பெயரைவிட அதுவே முக்கியம்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யக்கூடியவை

ஒவ்வொரு பள்ளிக்கும் இத்தகைய பணியாளர் கிடைக்கும் நாள் அண்மையில் இல்லை. எனினும், அவருடைய கல்வியின் சில பகுதிகளை இன்றே மேற்கொள்ள இயலும்.

முதலாவது, நெருக்கடித் திட்டம் ஒன்றை எழுதி வைத்தல். யார் 112-க்கோ 108-க்கோ தகவல் கொடுப்பது, யார் வாயிலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுவது, பெட்டகத்தின் சாவி எங்கே என்பவை ஒரே தாளில் அடங்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை ஒத்திகை பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மார்பழுத்தம் கற்றல். வயது வந்தவருக்கு நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் வரை அழுத்த வேண்டும். நீரில் மூழ்கியவருக்கோ பிராணவாயுக் குறைவே மூலகாரணமாதலால், முதலில் மூச்சூட்டுதல் அவசியம். இவற்றைப் படித்தறிந்தால் மட்டும் போதாது. பயிற்சி முகாமில் பொம்மைமீது செய்து பழகுதல் வேண்டும்.

மூன்றாவது, வானிலையைக் கவனித்தல். வங்காளத்தில் கால்பைசாகி எனப்படும் கோடைப் புயல், மார்ச் முதல் மே வரை, பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும், வடமேற்கிலிருந்து சில நிமிஷங்களில் வந்து தாக்கும். இடி கேட்டதும் நீரையும் திறந்தவெளியையும் விட்டு நீங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷங்கள் கழிந்த பின்னரே திரும்பலாம். படகில் ஏறும் மாணவர் உயிர்காப்புச் சட்டை அணிவதும், மீட்புப் படகு ஒன்று ஆயத்தமாக நிற்பதும் அவசியம்.

நான்காவது, தலையில் அடிபட்டு மயங்கியோ தடுமாறியோ நின்ற மாணவனை அன்று மீண்டும் ஆடவிடாதிருத்தல். அவன் எவ்வளவு கெஞ்சினும், பந்தயம் எவ்வளவு முக்கியமாயினும், டாக்டர் பார்த்த பின்னரே படிப்படியாக ஆட்டத்திற்குத் திரும்ப வேண்டும்.

ஐந்தாவது, காயங்களைப் பதிவேட்டில் குறித்தல். எந்த இடத்தில், எந்த ஆட்டத்தில், எந்த வேளையில் காயம் நேர்ந்தது என்று ஓராண்டு குறித்து வந்தால், மைதானத்தின் ஒரு மூலையிலுள்ள பள்ளமோ, நண்பகல் ஓட்டமோ காரணம் என்பது தானே புலப்படும்.

ரவீந்திர சரோவரில் படகுகள் மீண்டும் ஓடுகின்றன. பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்துவது பாதுகாப்பாகாது. அவர்கள் நீரில் இறங்கும் ஒவ்வொரு முறையும், செய்யவேண்டியதைக் கைகளால் கற்றறிந்த ஒருவர் கரையில் நிற்பதே பாதுகாப்பு. அத்தகையோரை உருவாக்குவது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு. அதற்குரிய மாணவரைச் சிறுவயதிலேயே கண்டு வழிப்படுத்துவது ஆசிரியரின் பொறுப்பாகும்.