மரம் விற்கப் போகிறீர்களா? கோடாலிக்கு முன் டேப்பை எடுங்கள்

போன மாதம் வந்த வாசகர் கடிதங்களில் ஒன்று இது: ‘என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வரப்பில் தேக்கு நட்டார். 24 வருடம் ஆகிறது. 34 மரம் நிற்கிறது. பெண்ணை நர்சிங் படிக்கச் சேர்த்திருக்கிறேன், ஃபீஸ் கட்ட வேண்டும். வியாபாரி ஒருவர் மொத்தமாக 1,60,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். சீட்டு, ஆபீஸ் வேலை எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். கொடுக்கலாமா?’

இதற்குக் கேள்வி பதில் பகுதியில் இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ‘‘மரம் எல்லாம் உங்க பட்டா நிலத்துக்குள்ளதான் நிக்குதாம்மா?’’ என்று கேட்டேன். ‘‘எங்க வரப்புதான் சார்’’ என்றார். ‘‘சுத்தளவு எவ்வளவு இருக்கும்?’’ ‘‘அளக்கலையே சார்.’’ ‘‘கன அடி எவ்வளவுன்னு வியாபாரி போட்டாரு?’’ ‘‘கன அடியா? மொத்தமாத்தான் பேசினாரு.’’

தமிழ்நாட்டில் வரப்பு மரம் விற்கும் பெரும்பாலான குடும்பங்கள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. நெல்லை எடை போடாமல் விற்க மாட்டோம். 20 வருடம் வளர்த்த மரத்தை மட்டும் கண்மதிப்பில் கொடுத்துவிடுகிறோம்.

வரப்பு யாருடையது?

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா நிலத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால் போகிறது. அதன் கரையில் 11 தேக்கு. விற்பதற்கு முன் என்னிடம்தான் கேட்டார். அப்போதே நான் வேளாண்மை அலுவலர். ‘‘நம்ம வரப்புதானே, வெட்டுங்க’’ என்று சொல்லிவிட்டேன். வெட்டிய மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் வந்து நிறுத்தினார். புலப்படத்தை வைத்து அளந்ததில் 4 மரம் வாய்க்கால் புறம்போக்கில் விழுந்தது. அபராதம் ஒரு பக்கம். பட்டாவுக்குள் இருந்த 7 மரமும் சேர்ந்தே மழையில் கிடந்தது இன்னொரு பக்கம். வியாபாரி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பட்டா, சிட்டா, அடங்கல் இருந்தால் மட்டும் போதாது. மரம் ஓரத்தில் நின்றால் புலப்படத்தை எடுத்து, அளவைக் கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அடங்கலில் மரங்களின் எண்ணிக்கையைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். பல ஊர்களில் அந்தக் கலம் காலியாகவே இருக்கும். பின்னால் ‘இந்த மரம் எங்கிருந்து வந்தது?’ என்று கேள்வி எழுந்தால் அந்தப் பதிவுதான் பேசும்.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு ஒப்படைத்த நிலத்துக்குக் கிடைப்பது நிபந்தனைப் பட்டா. அதில் மரம் பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று 2சி பட்டா. புறம்போக்கில் நிற்கும் புளி, தென்னை போன்ற மரங்களின் பலனை அனுபவிக்கக் கொடுப்பது இது. காயைப் பறிக்கலாம். ‘பட்டா’ என்ற சொல் அதில் இருப்பதால் நிலமும் நமது, மரத்தை வெட்டி விற்பதும் நம் இஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பொது நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டும் விஷயம் இப்போது கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு வரை போகிறது.

எந்த மரத்துக்கு என்ன சீட்டு?

‘என் நிலம், என் மரம், யாரைக் கேட்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மரத்தைப் பொறுத்தும் ஊரைப் பொறுத்தும் மாறும்.

சவுக்கு, தைல மரம், சீமைக்கருவேலம் போன்றவற்றில் சமவெளி விவசாயிக்குப் பெரிய தொல்லை இல்லை. இவற்றை ஏற்றிச் செல்ல வனத்துறை அனுமதி தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. தேக்கு அப்படி இல்லை. பட்டா நிலத்துத் தேக்கானாலும் ரோட்டில் ஏற்றிப் போக வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். 1968-ல் வந்த தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள்தான் இதற்கு அடிப்படை. ஈட்டிக்கும் செம்மரத்துக்கும் கெடுபிடி இன்னும் அதிகம். இவை இரண்டையும் மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பதில் எழுத்தில் வந்த பிறகுதான் தொட வேண்டும்.

சந்தனத்தைப் பற்றி இன்னும் பழைய பயம் இருக்கிறது. 2002-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டா நிலத்தில் வளரும் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆனால் நாமே வெட்டவும் கூடாது, வியாபாரிக்கு விற்கவும் கூடாது. மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பித்தால் வனத்துறையே எடுக்கும். வேரிலும் எண்ணெய் இருப்பதால் அடியோடு தோண்டித்தான் எடுப்பார்கள். பிறகு திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் போன்ற இடங்களில் உள்ள சந்தனக் கிடங்குக்குப் போய் ஏலம் நடக்கும். செலவு போக உரிய பங்கு நமக்கு வரும். ‘ராத்திரியோட ராத்திரியா எடுத்துக்கறேன், கையில காசு’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பனைக்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். செங்கல் சூளைக்குப் பனை கேட்டு வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மலைப்பகுதி வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் 1955-ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமம் என்றால், சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு அங்கே மரத்தில் கை வைக்காதீர்கள். 1949-ம் வருடத் தனியார் காடுகள் சட்டத்தில் சேர்ந்த நிலத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

வெளிமாநிலத்துக்கு, உதாரணமாக மலைவேம்பைப் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கு அனுப்புகிறவர்கள், 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் கொண்டு வந்த தேசிய போக்குவரத்து அனுமதி இணையதளம் பற்றி வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

‘சீட்டெல்லாம் நான் பாத்துக்கறேன்’

கடிதம் எழுதிய அம்மாவிடம் நான் அதிகம் எச்சரித்தது இதைத்தான். வியாபாரி அலைவதில் தப்பில்லை. நமக்கும் வனச்சரக அலுவலகத்துக்கு நாலு நடை நடக்க நேரம் இருக்காது. ஆனால் விண்ணப்பம் உங்கள் பெயரில் போகிறது, அனுமதியும் உங்கள் பெயரில் வருகிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு, பட்டா நகலையும் ஆதார் நகலையும் கொடுத்துவிட்டால், உங்கள் 34 மரத்துக்கு வாங்கிய சீட்டில் வேறு எங்கோ வெட்டிய கட்டையும் போக வழி கிடைத்துவிடும். பிடிபட்டால் தேடிக்கொண்டு வருவது சீட்டில் இருக்கும் பெயரைத்தான்.

விண்ணப்பத்தை நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மரத்தின் எண்ணிக்கையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். நகல்களின் குறுக்கே ‘இன்ன சர்வே எண், 34 தேக்கு மரத்துக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போடுங்கள். சீட்டு வந்ததும் கட்டைகளின் எண்ணிக்கை, அளவு, வண்டி எண், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி வரை என்று பார்த்து போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கான வேலையை வெட்டுவதற்கு முன்பே தொடங்குங்கள். வெட்டிப் போட்ட பிறகு சீட்டுக்கு அலைந்தால் அவசரம் நம்முடையதாகிவிடும், விலையும் இறங்கும்.

கன அடி என்றால் எந்தக் கன அடி?

பத்தாம் வகுப்பில் படித்த உருளையின் கன அளவை மரக்கடையில் எடுத்துப் போனால் சிரிப்பார்கள். அங்கே நடப்பது கால் சுற்றளவுக் கணக்கு. கட்டையின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும்.

10 அடி நீளக் கட்டை, நடுச் சுற்றளவு 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 36-ல் கால் பங்கு 9. ஒன்பதொன்பது 81. அதைப் பத்தால் பெருக்கினால் 810. 144-ஆல் வகுத்தால் 5.63 கன அடி. அதே கட்டையின் உண்மையான கன அளவு 7.16. அதாவது நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் கணக்கிலேயே வருவதில்லை. இது ஏமாற்று அல்ல. உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுத்தால் சிலாம்பும் தூளும் போகுமே என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் வழக்கம். விலையும் இந்தக் கன அடிக்குத்தான் பேசப்படுகிறது. நாம் கவனிக்க வேண்டியது, கழிவு ஏற்கெனவே கணக்குக்குள் போய்விட்டது என்பதை. அதற்கு மேல் ‘வேஸ்டுக்கு பத்து பர்சென்ட்’ என்று மறுபடியும் கழித்தால் ஏன் என்று கேளுங்கள்.

எங்கே டேப் சுற்றுகிறார்கள் என்பது அடுத்தது. இதே கட்டையின் நுனிப்பக்கம் 32 அங்குலம் இருந்து, அங்கே அளந்தால் 4.44 கன அடிதான் வரும். கன அடி 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஒரு கட்டைக்கு 1,180 ரூபாய் வித்தியாசம். முப்பது கட்டைக்கு 35,000. ஒரு வருட ஃபீஸில் பாதி அங்கேயே போய்விடும். 38 அங்குலத்தை ‘36 போட்டுக்கோ’ என்பதும், பத்தரை அடியைப் பத்து என்பதும் இதே வகைதான். பட்டையோடு அளப்பதா, பட்டையைக் கழித்தா என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

சுற்றளவும் விட்டமும் வேறு என்பதைப் பெரியவர்களும் சில நேரம் குழப்பிக்கொள்கிறார்கள். 36 அங்குலச் சுற்று என்றால் விட்டம் பதினொன்றரை அங்குலம்தான். நிற்கும் மரத்துக்கு மார்பு உயரச் சுற்றளவு என்று ஒன்று சொல்வார்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் எடுப்பது. தூரில் அளந்தால் பருமனாகத் தெரியும். நமக்கு நாமே ஏமாந்துகொள்ள அது ஒரு வழி.

தேக்கில் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று வியாபாரி பார்ப்பது நியாயம். இளம் மரத்தில் வெள்ளை அதிகம் இருக்கும், விலை குறையும். பருமன் கூடக் கூடக் கன அடி விலையே மாறும். பொந்து இருந்தால் கழிப்பதும் சரிதான். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி விழாது என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போவதில்லை, விலையைப் பேசிவிட்டு எந்தப் பிறையில் வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

சவுக்கு போட்டவர்களுக்கு டேப் இல்லை, எடை மேடைதான். பச்சை மரம் தினமும் தண்ணீரை இழக்கும். வெட்டி நாலு நாள் கழித்து எடை போட்டால் அந்தத் தண்ணீர் உங்கள் கணக்கில்தான் குறையும். பட்டை உரித்த எடையா, உரிக்காத எடையா, வெட்டிய எத்தனையாவது நாள் எடை என்று பேசிக்கொள்ளுங்கள். எடைச் சீட்டில் வெறும் வண்டி எடையும் பாரத்தோடு எடையும் இரண்டும் இருக்க வேண்டும்.

மொத்தப் பேச்சை உடைத்துப் பாருங்கள்

மொத்த விலை பேசுவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தத் தொகையைக் கன அடி விலையாக மாற்றிப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது.

அந்த அம்மாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் டேப்பை வைத்து 34 மரத்தையும் அளந்து நோட்டில் எழுதி அனுப்பினார்கள். நிற்கும் மரத்தில் ஏறி நடுச் சுற்றை அளக்க முடியாது. அதனால் மார்பு உயரச் சுற்றில் நாலு அங்குலம் கழித்து ஒரு தோராயம் போட்டோம். சராசரி நடுச் சுற்று 30 அங்குலம், கட்டைக்கு ஆகும் நீளம் 15 அடி. மரத்துக்கு 5.86 கன அடி, 34 மரத்துக்கு ஏறக்குறைய 199. வியாபாரி சொன்ன 1,60,000-ஐ வகுத்தால் கன அடி சுமார் 800 ரூபாய். இப்போது அவர் கையில் ஓர் எண் இருக்கிறது. பக்கத்து ஊர் மரக்கடையில், ‘இந்தச் சுற்றுக்குக் கன அடி என்ன விலைக்கு எடுப்பீர்கள்?’ என்று கேட்கலாம்.

நோட்டைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 12 மரம் 40 அங்குலத்துக்கு மேல். மற்றவை 25, 30 என்று மெலிந்து நெருக்கமாக நிற்கின்றன. 30 அங்குல மரம் 36 ஆனால் கன அளவு நூற்றுக்கு 44 கூடும், மெல்லிய மரத்துக்கு இருந்த விலையும் ஏறும். ஃபீஸ் வருடா வருடம் கட்டுவது. எல்லாவற்றையும் இப்போதே வெட்ட வேண்டியதில்லை. பருத்த 12-ஐயும், அவற்றோடு வளைந்தது, நெருக்கத்தில் வளராமல் நிற்பது என நாலைந்தையும் கலைத்துவிட்டால் மீதிக்கு வெளிச்சம் கிடைக்கும். விண்ணப்பத்திலும் அந்த எண்ணிக்கையையே எழுதச் சொன்னேன்.

பேச்சு முடியும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னவை: மரத்துக்குச் சுண்ணாம்பில் எண் போட்டு, எண் போட்ட மரம் மட்டும் வெட்டுவது. தூர்க்கட்டையும் மிலாறும் யாருக்கு. வெட்டுக் கூலி, ஏற்றுக் கூலி யார் தலையில். வரப்பும் பயிரும் சேதமானால் யார் பொறுப்பு. மின்கம்பி பக்கத்தில் நிற்கும் மூன்று மரத்தை மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே தொடுவது. பாதிப் பணம் வெட்டும் முன், மீதி வண்டி கிளம்பும் முன்.

போன வாரம் அவரிடமிருந்து மறுபடி போன். முதல் வியாபாரி வந்து, எண் போட்ட மரங்களைப் பார்த்துவிட்டு, ‘‘யாரு அளந்தது?’’ என்று கேட்டாராம். ‘‘எம் பொண்ணு’’ என்றிருக்கிறார். இன்னும் விலை படியவில்லை. வேறு இரண்டு பேரும் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். ஒரு மரம் எல்லைக் கல்லுக்கு மிக அருகில் நிற்பதால் அதை மட்டும் விட்டுவிட்டு, சர்வேயருக்குப் பணம் கட்டியிருக்கிறார்.