ஆயிரம் யார் தொலைவில் ஓர் இலக்கு

மரத்தின்மீதிருந்த பறவையைக் குறிவைக்குமாறு துரோணர் பணித்தபோது, அதன் கண்ணையன்றி வேறொன்றையும் தான் காணவில்லை என அருச்சுனன் விடை பகர்ந்த கதை நம் இளமாணவரும் அறிந்ததே. குறிபார்ப்போனுக்கு வேண்டிய மன ஒருமைப்பாட்டிற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. ஆயினும், இலக்கு அரை மைலுக்கும் அப்பால் இருக்குமாயின் அவ்வொருமைப்பாடு ஒன்றே போதுமா? வாய்வழியே மருந்திட்டுச் சுடும் பழைய றைபிள் துவக்குகளைக்கொண்டு 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த நெடுந்தூரப் போட்டிகள் இவ்வினாவிற்கு நல்லதொரு விடையைத் தருகின்றன.

குழலின் வாயிலே கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை நீண்ட கோலினால் உள்ளிறக்கிச் சுடுவதே வாய்வழித் துவக்காகும். கருமருந்து என்பது ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு மரக்கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. குழலின் உட்புறத்தே சுருளாக வெட்டப்பட்ட வரிகள் குண்டைப் பம்பரம்போற் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, சுழலும் குண்டும் தலைதடுமாறாது செல்கின்றது. இதுவே றைபிளின் தத்துவம்.

பிரித்தானியப் படையினர் 1853ஆம் ஆண்டு முதற் கைக்கொண்ட என்பீல்ட் றைபிள் இவ்வகையைச் சேர்ந்தது. 1857இல் வட இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாய் அமைந்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இத்துவக்கிற்கு உரியவையே. அதன் குழல்வாய் 0.577 அங்குலம், வரிகள் 78 அங்குலத்திற்கு ஒருமுறையே சுற்றிவந்தன. மஞ்செஸ்ரர் நகரத்துப் பொறியியலாளர் யோசப் விற்வேர்த் இதனை ஆராய்ந்து, குழல்வாயை 0.451 அங்குலமாகக் குறுக்கி, அறுகோண வடிவமாக்கி, 20 அங்குலத்திற்கு ஒரு சுற்று வருமாறு அமைத்தார். குண்டு ஒடுங்கி நீண்டது, விரைந்து சுழன்றது, தொலைவிலும் குறி தவறாதாயிற்று. விலை மிகுதியாற் படையினர் இதனைப் பொதுவாக ஏற்றிலர். குறியாளரோ விரும்பி ஏற்றனர். 1860ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி விம்பிள்டனில் முதலாவது தேசியப் போட்டியைத் தொடக்கிவைத்த விக்ரோறியா மகாராணியார், தாங்கியொன்றில் இறுகப் பொருத்திய விற்வேர்த் றைபிளைப் பட்டுக்கயிற்றினால் இயக்கியபோது, 400 யார் தொலைவிலிருந்த இலக்கின் மையத்திற்கு ஒன்றேகால் அங்குல அண்மையிற் குண்டு பட்டது.

கருவி செம்மையாயினும் 1000 யார் என்பது எளிய தூரமன்று. அதனைக் கடக்கக் குண்டிற்கு ஏறக்குறைய மூன்று வினாடி செல்லும். அதற்குள் புவியீர்ப்பு அதனைக் கீழே இழுப்பதால், வழியில் முப்பது அடிக்குமேல் உயர்ந்து வளைந்து இறங்கும்படி சுடல் வேண்டும். குறுக்கே வீசும் மென்காற்றும் அதனைப் பல அடி விலக்கிவிடும். மருந்தின் நிறை சிறிது வேறுபடினும் குண்டு உயரும் அல்லது தாழும். அன்றியும், எரிந்த கருமருந்திற் பாதிக்குமேற் புகையாகவும் கரியாகவும் எஞ்சுகின்றது. ஒவ்வொரு வெடிக்கும் பின் குழலைத் துடையாதுவிடின் அடுத்த குண்டு முன்னையதன் வழியிற் செல்லாது. ஆகவே குறியாளன் மருந்தை நிறுத்து, குழலைத் துடைத்து, கொடியின் அசைவையும் கானலின் ஓட்டத்தையும் நோக்கி, குறிகாட்டியை நுண்ணளவாகத் திருத்திய பின்னரே விசையைத் தொடுவான். கண்ணின் கூர்மையினும் இச்செயல்களை ஒன்றுபோலவே திரும்பத் திரும்பச் செய்யும் ஒழுங்கே அங்கு மிகுதியும் வேண்டப்படுவது.

இக்கலையின் பெரும் பரீட்சை 1874ஆம் ஆண்டு செத்தெம்பர் 26ஆந் திகதி நியூயோர்க்கிற்கு அண்மையிலுள்ள கிறீட்மூர்த் திடலில் நிகழ்ந்தது. முந்திய ஆண்டிலே எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்துக் குறியாளர், லீச் என்பாரின் தலைமையில் அமெரிக்கரை எதிர்த்தனர். அயர்லாந்தினர் டப்ளின் நகரத்து றிக்பியின் வாய்வழி றைபிள்களை ஏந்தினர். யோன் றிக்பி தாமும் அவ்வணியில் ஒருவர். அமெரிக்கரோ பின்வழி நிரப்பும் றெமிங்ரன், சாப்ஸ் றைபிள்களைக் கொணர்ந்தனர். எனவே இது பழமைக்கும் புதுமைக்கும் நிகழ்ந்த போட்டியுமாயிற்று.

அணிக்கு அறுவர்; 800, 900, 1000 யார் தூரங்களில் ஒவ்வொருவருக்கும் பதினைந்து வெடிகள். இரும்பிலக்கின் நடுவே மூன்றடிச் சதுரம். அதிற் பட்டால் நான்கு புள்ளி. அதற்கு வெளியே மூன்றும் இரண்டும். 800 யாரில் அமெரிக்கர் 326, அயர்லாந்தினர் 317. 900 யாரில் அயர்லாந்தினர் 312, அமெரிக்கர் 310. 1000 யாரில் அயர்லாந்தினர் 302 பெற்று முடித்துவிட்டனர்; அவர்தம் மொத்தம் 931. அமெரிக்கருக்கு 930 புள்ளியும் ஒரேயொரு வெடியும் எஞ்சியிருந்தன.

அவ்வெடி யோன் பொடைன் என்பாருக்கு உரியது. சற்று முன்னர் உடைந்த இஞ்சிப்பானப் போத்தல் ஒன்றினால் அவர் கை வெட்டுண்டிருந்தது. குருதி கசிந்த கையிற் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவர் சுட்டார். குண்டு சென்று இரும்பிற் பட்ட ஓசை மீண்டு வர ஏறக்குறைய ஆறு வினாடி கழிதல் வேண்டும்; ஆயிரக்கணக்கானோர் அந்த ஆறு வினாடியும் மூச்சடக்கி நின்றனர். நடுச்சதுரத்திலே பட்டது, நான்கு புள்ளி. 934க்கு 931 என அமெரிக்கர் வென்றனர்.

ஆயின், தோல்வி அக்கடைசி வெடியாலன்று. முன்னரே அயர்லாந்தின் மில்னர் என்பார் சுட்ட குண்டொன்று நடுச்சதுரத்திற் செவ்வையாய்ப் பட்டது. ஆனால் அது பக்கத்து இலக்கின் நடுச்சதுரம்! விதிப்படி அதற்குப் புள்ளி இல்லை. அந்நான்கும் கிடைத்திருப்பின் 935, வெற்றி அயர்லாந்தினர்க்கே. தூரம் மிகுந்த இரு நிலைகளிலும் வாய்வழித் துவக்கே முந்தியது என்பதையும் நோக்குக. அன்று பிழைத்தது கருவியன்று. எனினும் அயர்லாந்தினர் தோல்வியைப் பெருந்தன்மையுடன் ஏற்றனர். லீச் அமெரிக்கக் குறியாளருக்கு அளித்த வெள்ளிக் கலம் அவர் பெயராலேயே பின்னரும் நெடுங்காலம் அங்குப் போட்டிப் பரிசாய் விளங்கியது.

1875இல் டப்ளினை அடுத்த டொலிமவுண்டிலும் அமெரிக்கர் வென்றனர். விரைவிற் பின்வழித் துவக்கு எங்கும் பரவ, வாய்வழித் துவக்கு போட்டிக் களத்தினின்றும் மறைந்தது. ஆயினும் கலை மறையவில்லை. 1971இல் நிறுவப்பெற்ற வாய்வழித் துவக்காளர் சர்வதேசக் குழுவின் முயற்சியால் இன்றும் பல நாட்டார் கருமருந்துப் போட்டிகளில் ஈடுபடுகின்றனர். விம்பிள்டனுக்குப் பதிலாக 1890இல் அமைந்த பிஸ்லித் திடலில் 1000 யார் தூரத்திற்கு இப்பழைய துவக்குகள் இன்றும் முழங்குகின்றன.

மில்னரும் பறவையின் கண்ணையே கண்டார். ஆனால் அது வேறொரு பறவை. வினாவை விளங்காது எழுதிய அழகிய விடைக்குப் பரீட்சகர் புள்ளி வழங்குவதில்லை என்பதை மாணவர் அறிவர். ஒருமைப்பாடு வேண்டும், அதற்கு முன்னர், நமக்குரிய இலக்கு இதுவே என்னும் தெளிவு வேண்டும். அத்தெளிவு பெற்றவனுக்கே அருச்சுனன் கண்ட பறவையின் கண் பயன் தரும்.