ஒருவனுக்காக வந்த தேசம்



தேசப்பற்று என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ஆகஸ்டு 15, ஜனவரி 26 ஆகிய இரு நாட்களே. கொடியேற்றமும் அணிவகுப்பும் அன்று உண்டு. நெஞ்சு நிமிரும் என்று முன்னரே அறிந்துதான் நாமும் போய் நிற்கிறோம். ஆனால், யாரும் எதிர்பாராத ஒரு சாதாரணப் புதன்கிழமை காலையில், பாலக்காட்டு மலையொன்றின் உச்சியிலிருந்து எழுந்த முழக்கம் பல இலட்சம் பேரின் கண்களை நனைத்தது. அந்த நாள் 2022 பிப்ரவரி 9.

நடந்தது இதுதான். மலம்புழாவை அடுத்த கூர்ம்பாச்சி மலையில் பிப்ரவரி 7 அன்று நண்பர்களோடு ஏறிய 23 வயது இளைஞர் ஒருவர், இறங்கும்போது கால் தவறி, செங்குத்தான பாறையின் நடுவே ஒரு சிறு பிளவில் சிக்கிக்கொண்டார். காலில் காயம், உண்ண உணவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கீழிருந்து ஏறியும் எட்ட முடியவில்லை. மேலிருந்து இறங்கியும் எட்ட முடியவில்லை. ஊர் மக்களும் தீயணைப்புத் துறையினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் முயன்றனர். கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்து, நெருங்க இயலாமல் திரும்பிச் சென்றது. பகலில் சுடும் பாறை, இரவில் குளிர். இப்படியே 40 மணி நேரத்துக்கும் மேல் கடந்தது.

கேரள அரசு இராணுவத்தின் உதவியை நாடியது. நீலகிரியின் வெலிங்டனிலிருந்து மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த குழு, லெப்டினன்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் தலைமையில் புறப்பட்டது. பெங்களூரிலிருந்து பாராசூட் படைப்பிரிவைச் சேர்ந்த மலையேற்ற வீரர்கள் கோவை மாவட்டத்துச் சூலூர் விமானப்படைத் தளத்தில் வந்திறங்கி, அங்கிருந்து சாலை வழியாக மலம்புழாவுக்கு விரைந்தனர். இரவோடு இரவாக மலையேறிய வீரர்கள், இளைஞருக்குக் குரல் கொடுத்துத் தைரியம் சொன்னார்கள். விடிந்ததும் ஒரு வீரர் கயிற்றைப் பற்றிக்கொண்டு பாறையில் இறங்கி, அவரை அடைந்து, முதலில் தண்ணீர் கொடுத்தார். பின்பு பாதுகாப்புப் பட்டையால் தம்மோடு பிணைத்துக்கொண்டார். மேலே நின்றவர்கள் இருவரையும் சேர்த்து இழுத்தார்கள்.

உச்சியை அடைந்த இளைஞர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தம்மை மீட்டவர்களை முத்தமிட்டார். வீரர்களோடு சேர்ந்து இந்திய இராணுவத்துக்கு ஜே, பாரத மாதாவுக்கு ஜே என்று முழங்கினார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பேசும் பெலனே குன்றியிருந்த ஒருவரின் வாயிலிருந்து தானாய்ப் பிறந்த நன்றி அது. பின்னர் விமானப்படை ஹெலிகாப்டர் அவரைக் கஞ்சிக்கோட்டில் இறக்க, அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆபத்தில் இருந்தவர் கேரளத்தவர். உதவியோ தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தது. மதராஸ் ரெஜிமெண்டில் தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் கன்னடரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மலைமேல் கயிற்றைப் பிடித்திருந்த கைகளில் எது எந்த மாநிலத்துக் கை என்று யார் கேட்டார்கள்?

எல்லையோரத்தில் வாழ்வோருக்கும், அங்கே உறவுகளை விட்டுவிட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோருக்கும் இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். மலம்புழா அணையை 1955-இல் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாகாண முதல்வர் காமராஜர். மறு ஆண்டு நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறின. பாலக்காடு கேரளத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும், வாளையாறு வழியே வேலைக்கும் சந்தைக்கும் போய்வருகிற ஜனங்கள் மாறவில்லை. ஆனால் தண்ணீர்த் தகராறு மூளும்போது அதே கோடு நெருப்பாகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையால் குமுளியில் போக்குவரத்து முடங்கியது. நேற்றுவரை கூடி வாழ்ந்த அயலார் ஒருவரையொருவர் அச்சத்தோடு பார்த்தார்கள்.

அதே இடுக்கி மாவட்டம் 2018-இல் வேறொரு காட்சியைக் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பெருவெள்ளம். 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. ஆகஸ்டு 10 அன்று, செறுதோணிப் பாலத்தை வெள்ளம் நெருங்குகையில், பேரிடர் மீட்புப் படையின் கன்னையா குமார் நோயுற்ற ஒரு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தின் மீது ஓடினார். அவர் பீகாரைச் சேர்ந்தவர். அந்தக் குழந்தையின் மொழி அவருக்குத் தெரிந்திருக்க அவசியமில்லை. அதன் ஜீவன் அவருக்குப் போதுமானதாயிருந்தது.

அனுமதியின்றி ஆபத்தான மலையில் ஏறலாமா, அப்படிப்பட்ட ஒருவருக்காக இத்தனை பிரயாசமும் செலவும் வேண்டுமா என்று பின்னர் சிலர் கேட்டார்கள். ஏறியது தவறு என்பதில் ஐயமில்லை. நம் பிள்ளைகளுக்கும் அதை எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் பாறையில் இறங்கிய வீரர் குற்றம் யாருடையது என்று விசாரித்த பிறகு இறங்கவில்லை. தவறு செய்தவனையும் கைவிடாத நாடு என்பதே அன்று நம் இருதயத்தை நிமிரச் செய்தது. எதிரியை வென்றதால் வரும் பெருமை ஒன்று; பெயர் தெரியாத ஒருவனைக் காத்ததால் வரும் பெருமை மற்றொன்று. இரண்டாவது பெருமையால் யாருக்கும் காயமில்லை.

அருமையானவர்களே, நாம் வாழும் நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேறு மொழி பேசலாம். பேருந்தில் அருகே அமர்ந்திருப்பவர் வேறு மாநிலத்தவராயிருக்கலாம். அவர் மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிப்பதும், வழி தெரியாமல் நிற்பவரைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பதும் சிறிய காரியங்களே. ஆனால் தேசம் என்பது அந்தச் சிறிய கயிற்றில்தான் தொங்குகிறது. அதன் ஒரு முனை எப்போதும் நம் கையில் இருக்கிறது.